நுளம்பு, பருந்து, நஞ்சு: டி.டி.ரி. தடை பற்றிய வாதத்தை வன்னியிலிருந்து பார்த்தால்

"பறவைகளைக் காப்பாற்றப் போய் மனிதரைச் சாகவிட்டார்கள். டி.டி.ரி. என்ற பூச்சிநாசினியைத் தடை செய்ததால்தான் மலேரியா திரும்பி வந்தது." இப்படி ஒரு பேச்சை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். இதைச் சொல்பவர்கள் சாட்சிக்கு இழுப்பது பெரும்பாலும் இலங்கையைத்தான். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களோ நஞ்சு என்றால் நஞ்சுதான், அளவு, இடம் என்ற பேச்சே வேண்டாம் என்கிறார்கள். நான் இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் இருந்து எழுதுகிறேன். காய்ச்சலுக்குப் பயந்து மக்கள் ஊரை விட்டுப் போனதும் இங்கேதான். மருந்துத் தாங்கியை முதுகில் கொளுவிக்கொண்டு வயலுக்குள் இறங்குகிறவர்கள் இருப்பதும் இங்கேதான். அந்த வயலின் கழிவு வாய்க்கால் போய் விழுகிற குளத்தில் நாரைகள் இரை தேடுவதும் இங்கேதான். அதனால் இந்த வாதத்தை அடியிலிருந்து, புதிதாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்ல ஆசைப்படுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவையா மனிதனா என்று கேட்பதே பிழை. எந்த மருந்து, எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் நுளம்பைத் தெரிந்துகொள்வோம்

மலேரியாவை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டு போவது அனோபிலிஸ் வகைப் பெண் நுளம்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வேறு, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் வேறு. ஒன்றுக்குச் சரிவரும் வழி மற்றதற்குச் சரிவராது. இது விளங்காமல் வாதத்துக்குள் இறங்கினால் கடைசி வரை குழப்பம்தான்.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த, ஓட்டமில்லாத, வெயில் படுகிற தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். கனகராயன் ஆறும் பாலியாறும் வற்றுகிற மாதங்களில் மணலுக்குள் அங்கங்கே குட்டைகள் தங்கிவிடும் அல்லவா, அவை அதற்கு மிகவும் தோதான இடம். குளத்துக் கலிங்குக்குக் கீழே தேங்குகிற நீர், கல்லுடைத்த குழி, கைவிட்ட கிணறு எல்லாம் அப்படித்தான். அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தால் மெல்ல அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அனோபிலிஸ் குடம்பி, அதாவது நுளம்பின் புழுப்பருவம், நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருக்கும். ஏடிஸ், கியூலெக்ஸ் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும், வாலில் உள்ள மூச்சுக்குழாய் மட்டும் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். வளர்ந்த பிறகும் அனோபிலிஸை அடையாளம் காணலாம். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக இருக்கும்.

இந்தச் சுவரில் உட்காரும் பழக்கம்தான் டி.டி.ரி. கதையின் மையம். குலிசிபேசிஸ் இரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கும். கடித்து முடித்ததும் உடனே பறந்து போகாது. இரத்தப் பாரத்தோடு பக்கத்துச் சுவரில் ஆறுதலாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சுவரில் நஞ்சு பூசியிருந்தால் அது அங்கேயே மருந்தைத் தொட்டுச் சாகும். அது குடித்த ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் முதிர ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் நுளம்பு செத்துவிட்டால் அடுத்த ஆளுக்கு நோய் போகாது. ஊரில் உள்ள எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை. கடித்துவிட்டுச் சுவரில் இருக்கிற நுளம்பைக் கொன்றால் போதும்.

டி.டி.ரி. செய்த நன்மையை மறைக்கக் கூடாது

டி.டி.ரி.யை 1874 இலேயே ஆய்வுகூடத்தில் தயாரித்துவிட்டார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்பதை 1939 இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டுபிடித்தார். 1948 இல் அதற்காக அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பூச்சியின் நரம்பை ஓயாமல் துடிக்க வைத்து அது கொல்கிறது. மலிவானது. ஒருமுறை சுவரில் அடித்தால் ஆறு மாதம் அளவுக்கு நின்று வேலை செய்யும். அளவும் பெரிதில்லை, சதுர மீற்றருக்கு 2 கிராம். 200 சதுர மீற்றர் சுவருள்ள வீட்டுக்கு 400 கிராம் போதும்.

இது வருவதற்கு முன் நிலைமை என்ன? 1934–35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக உடைந்தபோது, இலங்கையின் தென்மேற்கில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்த மக்களுக்கு மலேரியா பழக்கமில்லாததால் சாவு அவ்வளவு கூடியது. வன்னியிலும் மற்ற உலர் வலயத்திலும் நிலைமை வேறு. இங்கே அது வந்து போகிற கொள்ளைநோயாக இல்லாமல், ஆண்டுதோறும் கூடவே குடியிருந்தது. பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளியிருக்கும். பெரியவர்கள் உழைக்கிற வயதில் குளிர்காய்ச்சலோடு படுத்திருப்பார்கள். பழைய குளங்களும் உடைந்த அணைக்கட்டுகளும் காட்டுக்குள் கிடந்ததற்குக் காய்ச்சலும் ஒரு முக்கிய காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945–46 இல், இலங்கையில் வீடுகளுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். 1946 இல் நாட்டில் ஏறத்தாழ 28 இலட்சம் மலேரியா நோயாளர்கள். 1963 இல் 17 பேர். ஆம், 17 பேர்தான். அந்தக் காலத்தில் நாட்டின் சாவு வீதமும் சடுதியாக விழுந்தது. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்தது அடுத்த ஆண்டே 14 அளவுக்கு வந்தது. இதில் எவ்வளவு டி.டி.ரி.யால், எவ்வளவு உணவாலும் வைத்திய வசதியாலும் என்று குடித்தொகை ஆய்வாளர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். ஆனால் பெரும்பங்கு மலேரியா ஒழிப்புக்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பிறகு வன்னியில் எழுந்த குடியேற்றத் திட்டங்கள் அந்தத் தெளிப்பு இல்லாமல் நிலைத்திருக்குமா என்பது சந்தேகம். டி.டி.ரி.யை வெறும் அரக்கனாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

தெளிப்பு வேலை அவ்வளவு சுலபமுமில்லை. பாய், பானை, பெட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் போட வேண்டும், சாப்பாட்டை மூட வேண்டும், கோழியை வெளியே விரட்ட வேண்டும். தெளிகாரர் உள்ளே போய் மேலிருந்து கீழாகச் சுவரை நனைத்துவிட்டு வருவார். காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். மண் வீட்டுக்காரர் பொங்கலுக்கோ நல்லநாளுக்கோ சுவரை மெழுகினால் மருந்து மண்ணுக்கு அடியில் போய்விடும், நுளம்புக்குக் கொண்டாட்டம். இப்படிச் சுவர் மெழுகுவதால் தெளிப்பு வீணாகிற சிக்கல் தென்னாசியாவில் பல இடங்களில் இருந்தது. போர்னியோவில் இன்னொரு விதமாக நடந்தது. டி.டி.ரி. அடித்த வீடுகளில் கூரை ஓலையைத் தின்னும் புழுக்கள் பெருகி, கூரைகள் வேளைக்கே உக்கி விழுந்தன. அந்தப் புழுக்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த சிறு குளவிகள் மருந்தில் செத்துப்போனதுதான் காரணம்.

பருந்தின் முட்டைக்கு என்ன ஆனது

சுவரில் 400 கிராம் அடித்ததால் பறவைகள் அழியவில்லை. பருத்தி, பழத்தோட்டம், காடு, சதுப்பு நிலம் என்று விமானத்திலிருந்தும் இயந்திரத்தாலும் தொன் கணக்கில் கொட்டினார்கள். அங்கேதான் கேடு தொடங்கியது.

டி.டி.ரி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். உடலுக்குள் போனால் சிறுநீரோடு வெளியேறாமல் கொழுப்பில் தங்கிவிடும். நீரில் மிக மிகச் சிறிய அளவில் இருப்பதை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றை ஆயிரக்கணக்கில் தின்கிற சிறுமீனிடம் அது சேர்கிறது. அந்தச் சிறுமீன்களைத் தின்னும் பெரிய மீனிடம் இன்னும் சேர்கிறது. அமெரிக்காவின் லோங் ஐலண்ட் கழிமுகத்தில் 1967 இல் அளந்தபோது சிறுமீன்களை விடப் பெரிய மீன்களில் சில மடங்கு, மீன் தின்னும் பறவைகளில் அதையும் விடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. தண்ணீரோடு ஒப்பிட்டால் இலட்சக்கணக்கான மடங்கு. நீங்கள் நீரை அள்ளிச் சோதித்தால் 'ஒன்றும் பெரிதாக இல்லை' என்றுதான் வரும். பருந்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

டி.டி.ரி. உடலில் மாறி டி.டி.ஈ. என்ற பொருளாகிறது. அது சில பறவைகளில் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைக் கெடுத்துவிடுகிறது. ஓடு மெலிந்துவிடும். அடைகாக்க உட்காரும் தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கும். பறவைகள் செத்து விழுவதில்லை, அதனால் முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை. குஞ்சு இல்லாமல் கூடு கூடாக வெறுமையானது. அலாஸ்காவை விட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் 1963 இல் வெண்தலைக் கழுகு 500 சோடிக்கும் குறைவு. தடைக்குப் பிறகு மெல்ல மீண்டு, 2007 இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து எடுக்கும்போது 10,000 சோடியை நெருங்கியிருந்தது.

இதே சங்கிலி எங்கள் குளங்களிலும் உண்டு. வயலில் அடிக்கிற மருந்து மழையோடு வாய்க்காலுக்கு, வாய்க்காலில் இருந்து குளத்துக்கு, குளத்தில் குறவைக்கும் விராலுக்கும், அங்கிருந்து செம்பருந்துக்கும் கடற்கழுகுக்கும். சுண்டிக்குளத்திலும் வங்காலையிலும் கட்டுக்கரைக்குளத்திலும் கூடுகிற பறவைகள் இந்தச் சங்கிலியின் மேல்முனையில் இருக்கின்றன. விரால் வாங்கிக் குழம்பு வைக்கிற நாங்களும் அதே முனையில்தான் இருக்கிறோம். தாய்ப்பாலில் டி.டி.ரி. இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். 2015 இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது.

ஆண்டுகளை வரிசையாக வைத்தால் கதை மாறும்

சரி, தடையால்தான் மலேரியா திரும்பியதா? ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1963 இல் 17 நோயாளர்கள் என்றதும், வேலை முடிந்தது என்று நினைத்து 1964 இல் இலங்கையில் வீட்டுத் தெளிப்பை நிறுத்தினார்கள். யாரும் தடுக்கவில்லை, பறவைகளுக்காகவும் நிறுத்தவில்லை. நோய் இல்லாத இடத்தில் பணம் ஏன் என்பதுதான் காரணம். காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. 1967 இன் இறுதியில் இருந்து மலேரியா கிளம்பியது. 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலும் உயிராபத்துக் குறைந்த வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி என்பதால் 1934–35 போன்ற சாவு வரவில்லை. உடனே திரும்பவும் டி.டி.ரி. அடித்தார்கள். ஓரளவு குறைந்தது, 1970களின் நடுவில் மீண்டும் ஏறியது. ஏனென்றால் இந்த முறை நுளம்பு சாகவில்லை. குலிசிபேசிஸ் டி.டி.ரி.யைத் தாங்கப் பழகிவிட்டது 1969 அளவிலேயே தெரிந்தது. கடைசியில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிநாசினிக்கு மாறினார்கள்.

அமெரிக்கா டி.டி.ரி.யைத் தடை செய்தது 1972 இல். இலங்கையில் மலேரியா திரும்பி நாலைந்து ஆண்டு கழித்து. அந்தத் தடையும் அமெரிக்க வயல்களுக்குத்தான். பொதுச் சுகாதாரத் தேவைக்கு விலக்கு இருந்தது, ஏற்றுமதியும் நிற்கவில்லை. தடைக்குக் காரணம் என்று பழி சுமத்தப்படுகிற அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962 இல் இந்த நஞ்சுகளைப் பற்றி நூல் எழுதியபோது பூச்சிநாசினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டபடி அடித்தால் நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மருந்து பிடிக்காமல் போய்விடும் என்று எச்சரித்தார். அதுதான் நடந்தது.

இந்தத் தாங்குதிறன் வருவது எப்படி? ஓர் ஊரில் உள்ள நுளம்புகளில் மிகச் சில பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றதும் அந்தச் சிலதான் மிஞ்சிப் பெருகும். எவ்வளவு கூடுதலாக, எவ்வளவு பரவலாக அடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக இது நடக்கும். பயிருக்கும் வீட்டுக்கும் ஒரே குடும்பத்து மருந்தைப் பாவித்தால், வயல் நீரில் வளர்கிற குடம்பி அங்கேயே பழகிவிட்டுத்தான் வீட்டுக்கு வரும். ஆகவே வயலில் மருந்தைக் குறைப்பது நாரைக்கும் நல்லது, மலேரியாவுக்கு எதிரான ஆயுதம் மழுங்காமல் இருக்கவும் நல்லது. இரு தரப்பும் எதிரெதிராக நிற்கத் தேவையே இல்லாத இடம் இதுதான், வாதத்தில் எல்லோரும் தவறவிடுகிற இடமும் இதுதான் என்பது என் எண்ணம்.

2001 இல் கையெழுத்தாகி 2004 இல் நடைமுறைக்கு வந்த, எளிதில் அழியாத நஞ்சுகள் பற்றிய ஸ்ரொக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையும் இந்தப் பாதையைத்தான் எடுத்தது. பயிருக்கு டி.டி.ரி. கூடாது, வேறு வழியில்லாத நாடுகள் நோய் பரப்பும் பூச்சிக்கு எதிராக வீட்டுக்குள் அடிக்கலாம். 2006 இல் உலக சுகாதார நிறுவனமும் வீட்டுக்குள் தெளிப்பதை ஆதரித்தது. 'உலகமே தடை செய்துவிட்டது' என்பது அரைகுறைப் பேச்சு.

இலங்கை பார்த்த இரண்டு வகைத் தடை

தடை என்றாலே சிலருக்குக் கோபம் வருகிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உரம், பீடைகொல்லி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மாற்று ஒன்றும் கையில் இல்லை. காலபோகம் விதைக்கிற நேரத்தில் விவசாயி வெறுங்கையோடு நின்றார். நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் அந்தப் போகம் அடிபட்டுப் போயிற்று.

ஆனால் இதே நாடு வேறு விதமாகவும் செய்திருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மருந்தாக எடுத்துப் பார்த்தார்கள். 1995 அளவில் மொனோகுரோட்டபோஸ், மெத்தமிடபோஸ். 1998 இல் என்டோசல்பான். 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாகப் பரகுவட், டைமீத்தோவேற், பென்தியன். மனிதரை மிக எளிதில் கொல்கிறவற்றை விலக்கி, ஆபத்துக் குறைந்தவற்றை விட்டுவைத்தார்கள். என்டோசல்பான் மீனுக்கும் கொடிய நஞ்சு. இந்தத் தடைகளால் விளைச்சல் விழவில்லை. நஞ்சருந்திச் சாகிறவர்களின் தொகை மளமளவென்று குறைந்தது. 1995 இல் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டிய போத்தலில் இருந்தது முன்பைப் போலக் கொல்லாததால், எத்தனையோ பேர் வைத்தியசாலைக்குப் போய்ப் பிழைத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வன்னியில் அப்படி மீண்டவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. 'தடை மனிதரைக் கொல்லும்' என்கிறவர்களுக்கு என் பதில் அவர்கள்தான்.

மலேரியா உண்மையில் எப்படிப் போனது

போர்க்காலத்தில், இடம்பெயர்ந்தவர்கள் தறப்பாளுக்குக் கீழும் மரத்தடியிலும் படுத்த ஆண்டுகளில், மலேரியா வடக்கு கிழக்கைப் பிடித்து ஆட்டியது. 1999 இல் நாடு முழுவதும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். அதில் பெரும்பங்கு எங்களுடையது. தறப்பாள் கொட்டிலில் அடிப்பதற்குச் சுவர் ஏது? எனவே வழியை மாற்றினார்கள். மருந்து தோய்த்த நுளம்பு வலை, நடமாடும் பரிசோதனை, விரலில் குத்தி எடுத்த இரத்தத்தை அன்றே பார்த்து அன்றே மாத்திரை, தேவையான இடத்துக்கு மட்டும் தெளிப்பு, அதுவும் மருந்தை மாற்றி மாற்றி. 2007 இல் நாடு முழுவதும் 200 பேர் அளவுக்கு வந்தது. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு சில ஆண்டுகளுக்கு உள்ளூரில் தொற்றியவர் இல்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. டி.டி.ரி. இதில் எங்கும் இல்லை.

டெங்குவுக்கு டி.டி.ரி. வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும், மேசைக்கடியிலும் தொங்கும் துணியிலும் மறைந்திருக்கும், சுவர்த் தெளிப்பில் அவ்வளவாகச் சிக்காது. புகை அடித்தால் அந்த நேரம் பறக்கிறவை சாகும், வாளியிலும் ரயரிலும் உள்ள குடம்பி ஒரு வாரத்தில் நுளம்பாகிவிடும். 2017 இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தபோது புகைக்குக் குறைவிருக்கவில்லை.

இப்போது எனக்குக் கவலை வேறோர் இடத்தில். சான்றிதழ் கிடைத்த அதே 2016 இன் கடைசியில் மன்னாரில் ஒரு புது நுளம்பைக் கண்டுபிடித்தார்கள்: அனோபிலிஸ் ஸ்ரெபென்சி. இந்தியாவில் நகரங்களுக்குள் மலேரியா பரப்புவது அது. ஆற்றுக் குட்டையைத் தேடாது, கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும். யாழ்ப்பாணத்திலும் பிறகு கண்டார்கள். பல பூச்சிநாசினிகளுக்கு அது மசிவதில்லை. 1963 இல் இருந்தது போன்ற நிம்மதி இப்போதும் இருக்கிறது, ஆனால் அன்று இல்லாத நுளம்பும் இருக்கிறது. இந்தியாவில் இருந்தும் ஆபிரிக்காவில் இருந்தும் ஒட்டுண்ணியோடு வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்த ஒருவரை ஸ்ரெபென்சி கடித்தால் போதும்.

குடிநீர்க் கிணற்றில் கண்ட மருந்தையும் ஊற்ற முடியாது. அதனால் குடம்பி தின்னும் மீனைக் கிணற்றில் விடுகிறார்கள், பாவிக்காத கிணற்றை மூடுகிறார்கள், தொட்டிக்கு வலை போடுகிறார்கள். வயலில் கண்டபடி அடித்தால் முதலில் சாகிறது தும்பியும் சிலந்தியும் குடம்பி தின்னும் சின்ன மீனும். பிறகு நெல்லில் கபில நிறத் தத்தி என்ற பயிர்ப்பூச்சியும், தண்ணீரில் நுளம்பும் தடையில்லாமல் பெருகும். மருந்துக் கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடி கூட்டி ஊற்றுகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். வெளிநாடு போய் வந்த உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், டெங்குப் பரிசோதனையோடு நிற்காமல் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். எங்கே போய் வந்தவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலைகளில் அந்தப் பரிசோதனை இலவசம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றால் படலையைத் திறந்துவிடுங்கள்.